பொங்கலுக்குக் கூடும் கூட்டாளிகளிடம் போட விடுகதை, புதிர் வேண்டும் – கூகுளில் சிக்காததாக

குத்தாலத்தான்:

வணக்கம் மக்களே. எங்கள் செட்டில் ஏழு பேர். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். இப்போது இரண்டு பேர் துபாய், ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் சென்னை, மிச்சம் மூன்று பேர் ஊரிலேயே வயலும் கடையுமாக இருக்கிறோம். ஏழு பேரும் ஒன்றாகச் சேர்வது பொங்கலுக்கு மட்டும்தான். மாட்டுப்பொங்கல் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாய்க்கால் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடும். சின்ன வயதில் அதே கட்டையில்தான் மாறி மாறி விடுகதை போட்டுக்கொள்வோம்.

போன வருடம் அதை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஆசையாக "காட்டிலே பச்சை" என்று வாயைத் திறந்தேன். "கடையிலே கறுப்பு, வீட்டிலே சிவப்பு, கரி, போடா டேய்" என்று நாலு பேர் ஒரே குரலில் முடித்துவிட்டார்கள். சரி, கொஞ்சம் கஷ்டமானதாகப் போடுவோம் என்று யூடியூபில் பார்த்த புதிர் ஒன்றைப் போட்டால், திருப்பூர்க்காரன் துண்டுக்குள் போனை மறைத்துத் தேடியிருக்கிறான், இருட்டில் மூஞ்சியில் நீல வெளிச்சம் அடிக்கிறது, அந்த வெளிச்சத்தோடேயே ரொம்ப நேரம் யோசித்தவன் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு விடை சொல்கிறான். அத்தோடு எல்லாருக்கும் சப்பென்று ஆகி, நிலம் என்ன விலை, வட்டி என்ன வட்டி என்று பேச்சு போய்விட்டது.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கதைதான். எவனாவது செருப்பு, பொம்மை, நூடுல்ஸ் படம் போட்டு "கூட்டினால் எவ்வளவு" என்று அனுப்புவான், மூன்று பேர் மூன்று விடை சொல்வார்கள், போட்டவனுக்கே எது சரி என்று தெரியாது. இந்தத் தடவை உருப்படியாக ஏதாவது போட வேண்டும். தேடினாலும் கிடைக்காததாக, நம்ம ஊர் வாசனையோடு இருந்தால் நல்லது. கணக்குப் புதிரும் சரிதான், ஆனால் பேப்பர் பேனா இல்லாமல் இருட்டில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்ச்:

போன் எல்லாவற்றையும் வாங்கி வாய்க்காலில் போடவும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 வரைக்கும் மூட மாட்டார்கள், தண்ணீர் இருக்கும். நன்றி.

வெண்ணாற்றங்கரை:

மேலே சொன்னவர் கிண்டலாகச் சொன்னாலும் பாதி சரி. என் அப்பாயி விடுகதை போடும்போது போன் கிடையாது, ஆனால் முந்திரிக்கொட்டை மாதிரி விடையைக் கத்துகிற பேரன்கள் இருந்தார்கள். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: விடை தெரிந்தவர் எழுந்து வந்து அப்பாயி காதில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் கன்னத்தில் ஒரு தட்டு, தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், வெற்றிலையை மென்றுகொண்டு நம்மைப் பார்ப்பார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். தெரிந்துகொண்டவன் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அதைப் பார்க்கப் பார்க்க மற்றவர்களுக்கு ரோஷம் ஏறும். கடைசிவரை தெரியாதவனுக்கு அன்றைக்கு விடை கிடையாது. காலையில் பல் விளக்கும்போது கேட்டால்கூட "யோசி" என்றுதான் சொல்வார். தொல்காப்பியத்தில் விடுகதைக்குப் ‘பிசி’ என்று பெயர் சொல்லி இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள் என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது.

தேடினால் கிடைக்கக் கூடாது என்றால் நீங்களே கட்டுவதுதான் வழி. பெரிய வித்தை எல்லாம் இல்லை. தினம் கையில் படுகிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது செய்கிற காரியத்தை ஒரு மனுஷன் செய்வது மாதிரி சொல்லிப் பாருங்கள். பாயை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் மூலையில் நிற்பான், ராத்திரியானால் நமக்கு முன்னால் படுப்பான். அவ்வளவுதான், ஒன்று ஆகிவிட்டது. அரிசி அளக்கிற படியும் உழக்கும் வைத்து நான் கட்டியது: "அண்ணன் வீட்டுக்குள் தம்பி போவான், தம்பி வீட்டுக்குள் அண்ணன் நுழைய முடியாது, தம்பி நாலு தடவை கவிழ்ந்தால் அண்ணன் வயிறு நிறையும்." முதல் பாதி பழசு, எல்லாருக்கும் தெரியும். நாலு தடவை என்கிற இரண்டாம் பாதிதான் நான் சேர்த்தது. ஒரு படிக்கு நாலு உழக்கு என்பது இப்போது எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பார்க்கலாம். எங்கள் வீட்டில் இருபது வயதுப் பையன்கள் "கேஸ் சிலிண்டரா அத்தை" என்று கேட்டார்கள்.

இது அப்பாயி போட்டது. விடை சொல்ல மாட்டேன்.

"பிறந்த வீட்டில் பாயாய்க் கிடந்தாள், புகுந்த வீட்டில் வரிசையாய் நின்றாள், தலை நிமிர்ந்தவரை தண்ணி குடித்தாள், தலை குனிந்ததும் காலறுபட்டாள்."

குத்தாலத்தான்:

அருமைங்க. காதில் சொல்கிற சட்டத்தை இப்போதே எடுத்துக்கொண்டேன். அந்தக் கடைசி விடுகதைக்கு வாழை என்று நினைக்கிறேன். குலை தள்ளித் தலை சாய்ந்ததும் வெட்டுகிறோமே.

வெண்ணாற்றங்கரை:

(வெற்றிலை மெல்கிறேன்)

கணக்கு வாத்தியார் ஓய்வு:

தம்பி, வாழைக்குப் ‘பாயாய்க் கிடந்தாள்’ எங்கே பொருந்துகிறது? விடுகதையில் ஒரு சொல் மிச்சம் விழுந்தாலும் விடை தப்பு. கணக்கும் அப்படித்தான்.

மிச்சம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இதை உங்கள் செட்டில் போடலாம். பழைய புதிர்தான், அரபு நாட்டு ஒட்டகக் கதையாகக் கேட்டிருப்பீர்கள். ஒருத்தர் 17 மாடுகளை விட்டுவிட்டுச் செத்துப்போகிறார். பெரியவனுக்குப் பாதி, நடுப்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு, கடைசிப் பிள்ளைக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார். மாட்டை வெட்டாமல் எப்படிப் பிரிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் தன் மாட்டை ஓட்டிவந்து சேர்க்கிறார், 18 ஆகிறது. பாதி 9, மூன்றில் ஒன்று 6, ஒன்பதில் ஒன்று 2. கூட்டினால் 17. தன் மாட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்.

நான் ஒரு தடவை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மாட்டைவிட நிலம்தானே உறைக்கும் என்று, மாட்டை எடுத்துவிட்டு 17 மா நிலம் என்று மாற்றிப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் பத்திரம் எழுதுகிற நண்பர் ஒருவர் இருந்தார். "நிலத்தை வெட்டக் கூடாதுன்னு எவன்யா சொன்னான்? ஒரு மாவுக்கு 100 குழி, மொத்தம் 1700 குழி. பெரியவனுக்கு 850. நடுவுளவனுக்கு 566 சொச்சம். கடைக்குட்டிக்கு 188 சொச்சம், 189ன்னு வையி. கூட்டினா 1605 சொச்சம்தான் வருது. மிச்சம் 94 குழி யாருக்கு எழுதணும், சொல்லு" என்றார். நான் வாயடைத்துப் போனேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவன்.

அவர் பிடித்ததுதான் அந்தப் புதிரின் உயிரே. பாதியும் மூன்றில் ஒன்றும் ஒன்பதில் ஒன்றும் கூட்டினால் ஒன்று வராது, பதினெட்டில் பதினேழுதான் வரும். உயிலில் ஓட்டை இருக்கிறது, பதினெட்டில் ஒரு பங்கு யாருக்கும் எழுதப்படவில்லை. மாடாக இருக்கும்போது அந்த ஓட்டையைப் பக்கத்து வீட்டு மாடு மறைத்துவிடுகிறது, நிலமாக மாற்றினால் 94 குழி திறந்து கிடக்கிறது. ஆகவே தம்பி, முதலில் மாடாகப் போடுங்கள். விடை சொல்லிச் சிரித்து முடித்த பிறகு "சரி, இதையே 17 மா நிலம்னு வச்சுக்க" என்று இரண்டாவது தடவை போடுங்கள். ஊரில் இருக்கிற மூன்று பேர் மடக்குவார்கள், துபாய்க்காரர்கள் திணறுவார்கள் என்பது என் கணிப்பு.

பேப்பர் இல்லாமல் போட இன்னும் ஒன்று. குட்டையில் ஒரே ஒரு ஆகாயத்தாமரை, தினமும் இரண்டு மடங்காகப் பெருகி 30ஆம் நாள் குட்டை மூடிவிடுகிறது. பாதிக் குட்டை மூடியது எந்த நாள்? 29ஆம் நாள், இது பலருக்குத் தெரியும். அதோடு விடாதீர்கள். "முதல் நாளே ஒன்றுக்குப் பதில் இரண்டு செடி இருந்தால் எத்தனையாவது நாள் மூடும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னவனே 15 என்பான். அதுவும் 29தான், ஒரே ஒரு நாள்தான் மிச்சமாகும். வாய்க்காலில் அந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒன்பது வெல்ல அச்சு, ஒன்று மட்டும் எடை குறைவு, கையில் தராசு உண்டு, எடைக்கல் கிடையாது, இரண்டே நிறுவையில் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு விடை எழுதவில்லை, மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சித்திரை, வைகாசியில் கூடினால் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டலாம். நம் சோழநாட்டுக் கொறுக்கையூர் காரிநாயனார் கணக்கதிகாரத்தில் வழி சொல்லியிருக்கிறார்: காம்பருகே இருக்கிற சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கிற சுளை எத்தனை என்று வந்துவிடும். எங்கள் வீட்டுப் பழத்தில் கிட்டக்கூட வரவில்லை. ஆனால் எண்ணி முடிக்கும்வரை ஒருத்தரும் இடத்தை விட்டு நகரவில்லை.

நாகை உப்புக்காற்று:

வாத்தியார் மன்னிக்கவும். நண்பர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கூடுகிற இடத்தில் தராசும் வெல்லமும் போட்டால் இரண்டு பேர் மும்முரமாக யோசிப்பார்கள், ஐந்து பேர் கொட்டாவி விடுவார்கள். எங்கள் செட்டில் அப்படி நடந்தது, அதிலும் ஒருத்தன் விடை தெரியாத கோபத்தில் பழைய கடனை எல்லாம் இழுத்துவிட்டான்.

எனக்குப் பிடித்தது ஒரே பேச்சை இரண்டு விதமாகக் கேட்கவைப்பது. அதில் எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்று உண்டு. காளமேகப் புலவர் நாகையில் காத்தான் சத்திரத்துக்குச் சாப்பிடப் போகிறார், சோறு வர நேரமாகிறது, பசி. சூரியன் மறையும்போது அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊரே அடங்கிவிடும், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கும் என்று பாடிவிடுகிறார். காத்தான் பதறிப்போய் வந்து கெஞ்ச, ஒரு சொல்லையும் மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்கிறார் என்பது கதை. ஊர் அடங்குவது என்றால் ஊரின் பசி அடங்குவது, வெள்ளி எழுவது என்றால் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளியே தோற்று எழுந்து ஓடுவது. கதையை முழுக்கச் சொல்லாதீர்கள். திட்டு வரைக்கும் சொல்லிவிட்டு "இப்ப இதையே புகழ்ச்சியா மாத்து பார்ப்போம்" என்று விடுங்கள். தமிழில் கோட்டை விட்டவன்கூட வாயைத் திறப்பான், தப்புத் தப்பாகத்தான் சொல்வான், அந்தத் தப்பில்தான் சிரிப்பே இருக்கிறது.

படகில் புலி, ஆடு, புல்லுக்கட்டு ஏற்றுகிற புதிரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கொள்ளிடத்தில் பரிசல் என்று மாற்றிப் போட்டாலும் அதேதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் லத்தீனில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று எழுதி வைத்தது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு தடவை கடக்க வேண்டும், எல்லாருக்கும் தெரியும். புலியை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறான் என்பதுதான் எனக்கு இதுவரை விளங்காத புதிர்.

மன்னை மைனர்:

வாயால் சொல்வதைவிடக் கையால் விளையாடுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மூன்று கொட்டாங்கச்சி, ஒரு புளியங்கொட்டை. நீங்கள் ஒன்றுக்கு அடியில் கொட்டையை வைத்து மூடுகிறீர்கள். எது என்று உங்களுக்கு மட்டும் தெரியும். நண்பன் ஒன்றில் கை வைக்கிறான். அதைத் திறக்காமல், மற்ற இரண்டில் காலியாக இருக்கிற ஒன்றைத் திறந்து காட்டுகிறீர்கள். இப்போது கேளுங்கள்: கை வைத்ததிலேயே நிற்கிறாயா, மிச்சம் இருக்கிற இன்னொன்றுக்கு மாறுகிறாயா?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ரெண்டுதானே இருக்கு, பாதிக்குப் பாதி, ஏன் மாறணும்" என்பார்கள். மாறினால் மூன்றில் இரண்டு தடவை ஜெயிக்கலாம். 1990இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு அம்மா இதைச் சரியாக எழுதியதற்கு "தப்பு" என்று ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது, எழுதியவர்களில் கணக்குப் பேராசிரியர்களும் உண்டு. அதனால் வாதம் செய்யாதீர்கள், ஜெயிக்க முடியாது. விளையாடிக் காட்டுங்கள். நான் என் மச்சானோடு முப்பது ஆட்டம் ஆடினேன், ஒவ்வொரு தடவையும் மாறியதில் 19 தடவை கொட்டை என் கையில். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கொட்டாங்கச்சியில் ஏதோ இருக்கிறது என்கிறார்.

ஒரே எச்சரிக்கை, திறந்து காட்டுகிறவனுக்குக் கொட்டை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் குத்துமதிப்பாகத் திறந்தால் கணக்கு மாறிவிடும்.

வெண்ணாற்றங்கரை:

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டிருந்தீர்களே. எங்கள் குடும்பக் குரூப்பில் ஞாயிறு சாயங்காலம் விடுகதை போட்டதும், அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றிவிடுவேன். விடையை என் தனி எண்ணுக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை திறந்துவிடுவேன். அதுவும் காதில் சொல்கிற மாதிரிதான். கன்னத்தில் தட்டத்தான் முடியவில்லை.

குத்தாலத்தான்:

பொங்கல் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போனை எல்லாம் ஒரு துண்டில் முடிந்து என் மடியில் வைத்துக்கொண்டேன். திருப்பூர்க்காரன் "ஆபீஸ்ல இருந்து போன் வரும்டா" என்றான். மாட்டுப்பொங்கல் ராத்திரி பதினோரு மணிக்கு எந்த ஆபீஸ் என்று கேட்டதும் கொடுத்துவிட்டான்.

17 மாடு நன்றாக ஓடியது. நிலமாக மாற்றிக் கேட்டபோது வாத்தியார் சொன்னது அப்படியே நடக்கவில்லை, மிச்சம் விழுவதை முதலில் பிடித்தவன் துபாய்க்காரன்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்காக அவன் போன வருடம் பூரா அலைந்தவன், அது எங்களுக்கு மறந்தே போய்விட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவனே "அந்த 94 குழியிலதான்டா எங்க போர்செட் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான், நாங்களும் சிரித்தோம்.

கொட்டாங்கச்சி ஆட்டம் சண்டையில் முடிந்தது. இருட்டில் புளியங்கொட்டை வாய்க்காலில் விழுந்துவிட்டது. நாகை அண்ணன் சொன்ன சத்திரக் கதைக்குச் சென்னைக்காரன் ஒரு விளக்கம் கொடுத்தான் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக அப்பாயி விடுகதையைப் போட்டேன். எனக்கே விடை தெரியாமல்தான் போட்டேன், தப்புதான். ஒருத்தன் கோரை என்றான், ஒருத்தன் கரும்பு என்றான். ஊரில் நடவு மெஷின் வைத்து ஓட்டுகிறவன் ஒருத்தன், எப்போதும் வாயே திறக்க மாட்டான், அவன் எழுந்து வந்து என் காதில் "நாத்து" என்றான். எப்படிடா என்றேன். "நாங்க மெஷினுக்குப் பாய் நாத்தங்கால்தானே விடுறோம், பாயா சுருட்டித்தான் வண்டியில ஏத்துறோம். அப்புறம் வரிசை நடவு. கதிர் முத்தித் தலை சாஞ்சா தண்ணியை வடிச்சுட்டு அறுக்க வேண்டியதுதான். இதுல என்ன கஷ்டம்?" என்றான். கன்னத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

சரிதானே அக்கா?

வெண்ணாற்றங்கரை:

சரிதான் தம்பி. ஆனால் அப்பாயி இதைப் போட்ட நாளில் பாய் நாற்றங்காலும் கிடையாது, நடவு மெஷினும் கிடையாது. நாற்றங்கால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார். பாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவார்கள் என்று கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். அந்தத் தம்பிக்கு என் சார்பில் இன்னொரு தட்டு.

டீக்கடை பெஞ்ச்:

வெல்ல அச்சுக்கு விடை யாராவது சொல்லுங்கள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

கணக்கு வாத்தியார் ஓய்வு:

யோசி.